பூட்டிய வீடு என்று நான் எழுதிய வீடு

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. பிரான்சில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில், காரைக்கால்காரர்கள் சில குடும்பங்கள் இருக்கிறார்கள். அந்தக் குளிர்காலத்துக்கு எரிவாயு போதாது, அடுக்குமாடிகளைச் சூடாக்கும் கொதிகலன்களைப் பகலில் நிறுத்திவிடுவோம் என்று ஊர் நிர்வாகம் அறிவித்தது.
2. அவர்களுடைய சங்கம், யார் வீட்டுக்கு என்ன உதவி போகவேண்டும் என்று ஒரு திட்டம் போட்டுத் தரும்படி, காரைக்காலில் இருக்கும் என்னைக் கேட்டது. போட்டுக் கொடுத்தேன்.
3. அந்தத் திட்டத்தில், அதே ஊரில் இருக்கும் என் அத்தையின் பெயருக்கு நேராக ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்று எழுதினேன்.
4. வீடு பூட்டியிருக்கவில்லை. அத்தை உள்ளே தனியாக இருந்தார்.
5. அவருக்கு ஹீட்டர் போகவில்லை, எச்சரிக்கைத் தாளும் போகவில்லை. சமையலறைக் கதவை அடைத்துக்கொண்டு கரி மூட்டினார். மயங்கி விழுந்தார். பிழைத்துக்கொண்டார்.
6. செய்தி வந்த அரை மணி நேரத்தில், நான் எழுதியதை அழித்துவிட்டு, ‘போனில் சொல்லியாயிற்று’ என்று மாற்றினேன்.
7. அத்தை தனக்கு மறதி நோய் வந்துவிட்டதென்று நம்பினார். அவர் மகனும் நம்பி, வீட்டைக் காலி செய்ய ஏற்பாடு செய்தார்.

எழுத உட்கார்ந்தது ஆறாவதைப் பற்றித்தான். மூன்றாவதைச் சொல்லாமல் அதற்கு வர முடியவில்லை.

நான் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். வீடுகளுக்குக் குழாய் வழியாக எரிவாயு கொடுக்கும் ஒரு நிறுவனத்தில், பாதுகாப்புப் பிரிவில் வேலை. ஒரு தெருவுக்கு இணைப்பு கொடுப்பதற்கு முன், கசிவு ஏற்பட்டால் எந்த வால்வை யார் மூடுவது, யார் யாருக்குத் தகவல் சொல்வது என்றெல்லாம் பட்டியல் போடுவேன். வீட்டிலும் இப்படித்தான். கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு மாவு அரைப்பதற்கே நான் வரிசை எண் போடுகிறேன் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சங்கத்துக்குச் செயலாளர் என் பெரியம்மா மகன். மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்தார்.

“நம்ம வகையறாவுல கேஸ் படிச்சவ நீ ஒருத்திதான். ஒரு பிளான் போட்டுக் குடு.”

“அண்ணே, நான் சுவெட்டர்கூட போட்டதில்ல.”

“சுவெட்டர நாங்க போட்டுக்கறோம். நீ பிளான போடு.”

“சரி, குளிர் எப்படி இருக்கும்? அதயாவது சொல்லுங்க.”

“கருக்களாச்சேரில மீனுக்கு ஐஸ் ஒடைச்சுப் போடுறாங்கல்ல? அந்தப் பெட்டிக்குள்ள உன்னய ஒக்கார வச்சு மூடிட்டு, ஒரு ஜன்னல் மட்டும் வச்சுக் குடுத்தா எப்படி இருக்கும்? அதான்.”

சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன். பத்து நாள், அலுவலகம் முடிந்து வந்த பிறகு உட்கார்ந்து திட்டத்தைப் போட்டேன். பகல் முழுக்க ஒரே அறையில் இருந்துகொள்வது, அந்த அறையின் கதவிடுக்குகளைத் துணியால் அடைப்பது, எல்லா இடுக்கையும் அடைக்காமல் காற்றுக்கு ஒரு வழி விடுவது, அடுப்பை எரியவிட்டுக் குளிர் காயாமல் இருப்பது, கரியை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது என்பது. இவற்றை ஒரே தாளில், பெரிய எழுத்தில், தமிழில் எழுதினேன். சங்கத்திடம் ஐந்தே ஐந்து எண்ணெய் ஹீட்டர்கள் இருந்தன, மின்சாரத்தில் ஓடுபவை. தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு முதலில் என்று வைத்தேன். தாளையும் ஹீட்டரையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர் மொபைலில் திறந்து பார்க்க, இணையத்தில் ஒரு பொதுப் பட்டியல் இருக்கவேண்டும். எந்த வீட்டில் ஆள் இருக்கிறது, எந்த வீடு பூட்டியிருக்கிறது என்பது அந்தப் பட்டியலின் முதல் கேள்வி.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். காரைக்காலில் சில தெருக்களில் பாதி வீடுகள் வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் கிடக்கும். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்திலிருந்து பிரெஞ்சு நேஷனாலிட்டி, அதாவது குடியுரிமை, உள்ள குடும்பங்கள். ஓய்வு பெற்றவர்கள் நவம்பரில் கல்லறைத் திருநாளை ஒட்டி இங்கே வந்து, ஈஸ்டர் முடிந்து திரும்புவார்கள். அங்கே குளிர், இங்கே வீடு. வந்துவிட்டார்கள் என்பதற்கு ஊரில் யாரும் தண்டோரா போடத் தேவையில்லை. ஜன்னல்கள் திறந்திருக்கும். துவைத்த திரைச்சீலைகள் மொட்டைமாடியில் காயும். வாசலில் செருப்பு கிடக்கும்.

அதனால் நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். காரைக்காலில் வீடு திறந்திருந்தால் பிரான்சில் வீடு பூட்டியிருக்கும். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, நலம் விசாரித்து, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிக்க ஒரு வாரமாகும். ஸ்கூட்டரில் போய் ஜன்னல்களைப் பார்த்துவர ஒரு சாயங்காலம் போதும். இதை அண்ணனிடம் சொன்னபோது, “மூளக்காரி” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அத்தை என் அப்பாவின் தங்கை. மாமா இறந்த பிறகு அந்த மலையடிவாரத்து ஊரில், மூன்றாவது மாடியில், தனியாக இருந்தார். மகன் தெற்கே வேறு நகரத்தில். அப்பா இறந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். நர்சிங் படிக்க வைத்தால் போதும் என்று உறவினர்கள் கூடிப் பேசிய இடத்தில், “அண்ணன் மவ என்ன படிக்கணும்னு அவ சொல்லட்டும், நீங்க காபியக் குடிங்க” என்றவர் அத்தைதான்.

அவர் தெருவுக்கும் அன்று போனேன். ஜன்னல் இரண்டும் திறந்திருந்தன. மாடியில் திரைச்சீலைகள். வாசற்படியில் பெண்கள் செருப்பு ஒரு ஜோடி. ஸ்கூட்டரை நிறுத்தவில்லை. ஆக்சிலேட்டரைத் தளர்த்தி, பார்த்துவிட்டுப் போய்விட்டேன். முனையில் நின்று மொபைலில் குறித்துக்கொண்டேன்.

இறங்கி அழைப்புமணியை அடிக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நான் இறங்காததற்குக் காரணம் இருந்தது.

அதற்கு முந்தைய வருடம் மாமா வழியில் ஒரு பையனை எனக்காகப் பார்த்திருந்தார் அத்தை. நேஷனாலிட்டி உள்ள பையன். எங்கள் பக்கத்தில் அது பெரிய விஷயம். நான் வேண்டாம் என்றேன். நேரில் சொல்லவில்லை, போனிலும் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் மூன்று காரணங்களை எண் போட்டு எழுதி அனுப்பினேன். மூன்றாவது காரணம், நாற்பது நிமிடம் பேசியும் அந்தப் பையன் என்னைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது. அத்தை குரல் பதிவாகப் பதில் அனுப்பினார்: “கல்யாணத்துக்கே ஒண்ணு ரெண்டு மூணுன்னு போட்டுப் பதில் எழுதுறவள இப்பதான்டி பாக்குறேன். ரேஷன் கடை போர்டா இது?” சொந்தக்காரர்கள் எல்லோரும் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அம்மா அவமானப்பட்டுப் போனார். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு குறைந்துவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்து, அத்தை வந்திருக்கிறார் போல என்று அம்மாவிடம் சொன்னேன்.

“வந்தா வரட்டும். நாமளா போயி வாசல்ல நிக்கணும்?”

எனக்கு அந்தப் பதில் வசதியாக இருந்தது.

அத்தை வரவில்லை. கதவுச் சட்டங்களில் கரையான் ஏறியிருக்கிறது என்று, வரிச்சிக்குடியிலிருந்து ஒரு தச்சரையும், வீடு சுத்தம் செய்ய ஒரு அம்மாளையும் ஏற்பாடு செய்து, பக்கத்து வீட்டில் இருந்த சாவியைக் கொடுக்கச் சொல்லியிருந்தார். முழங்கால் வலி, விமானத்தில் அவ்வளவு நேரம் உட்கார முடியாது, இந்த வருடம் வேண்டாம் என்று அவர் முடிவு செய்தது பக்கத்து வீட்டுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அந்தச் செருப்பு சுத்தம் செய்ய வந்தவருடையது.

பொருள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் காரைக்கால் டவுனைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெரியவர். ஐம்பது வயதுக்கு மேல். அங்கே காய்கறி மார்க்கெட்டுக்கு வேன் ஓட்டுகிறார். அவர் வீட்டில் அண்ணன்மாரை அழைப்பதுபோல சங்கத்தில் எல்லோரும் அவரை நானா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒரு சனிக்கிழமை நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம், அவரிடமிருந்து அழைப்பு. அங்கே காலை எட்டு மணி, இன்னும் விடியவில்லை.

“ம்மா, இந்தக் கட்டடத்துல மூணாவது மாடி, உங்க லிஸ்ட்ல பூட்டியிருக்குன்னு போட்டிருக்கு. ஆனா அடுப்பாங்கர லைட் எரியுதே. ஏறிப் பாத்துட்டு வரட்டுமா?”

“வேணாம் நானா. அவங்க இங்க வந்துட்டாங்க. திருட்டுக்குப் பயந்து டைமர் லைட் போட்டுட்டு வந்திருப்பாங்க.”

“நெசமாவா?”

“நானே பாத்தேன் நானா.”

“அப்ப சரி. லிப்டும் வேல செய்யல, என் மூட்டும் வேல செய்யல” என்று சிரித்துவிட்டு வைத்தார். அத்தைக்குப் போகவேண்டிய ஹீட்டர் அடுத்த வீட்டுக்குப் போனது.

நானே பார்த்தேன் என்று சொன்னதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். நான் பார்த்தது திரைச்சீலையை.

அதற்கு அடுத்த பத்து நாளில் அத்தை எனக்கு இரண்டு முறை போன் செய்தார். திரையில் பெயரைப் பார்த்தேன். பத்து நிமிடத் தொலைவில் இருந்துகொண்டு, ஏன்டி வந்து பார்க்கவில்லை என்று கேட்கப் போகிறார் என நினைத்து, அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது முறை மொபைலைக் கவிழ்த்து வைத்தேன்.

செய்தி வந்தபோது அலுவலகத்தில் இருந்தேன், மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. அண்ணன் போன் செய்தார். தலைக்குச் சாம்பிராணி போட அத்தை ஒரு இரும்புச் சட்டியும் கரியும் வைத்திருப்பார். வழக்கமாகப் பால்கனியில்தான் மூட்டுவார். முந்தைய நாள், கொதிகலன் நின்ற பகலில் கை விறைத்துப்போய், சட்டியைச் சமையலறைக்குள் கொண்டுவந்து கதவை அடைத்திருக்கிறார். ஏதோ விழுந்த சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரப் பெண்மணி ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். கார்பன் மோனாக்சைடு. மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை.

“அவங்க இங்கதான் இருந்தாங்களா? லிஸ்ட்ல என்ன போட்டிருக்கு?” என்று அண்ணன் கேட்டார். “நான் வேலையா இருக்கேன், பாத்துச் சொல்லு.”

நான் பதறவில்லை. வேலையில் என்னை எல்லோரும் பாராட்டுவது அதற்குத்தான். பட்டியலைத் திறந்தேன். ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்பதை அழித்தேன். ‘போனில் சொல்லியாயிற்று. ஹீட்டர் வேண்டாம் என்றார்’ என்று அடித்தேன். இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன், ஹீட்டர் ஏன் போகவில்லை என்ற கேள்வி வரும் என்பதால். எழுத்துப்பிழை இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். பிறகு அண்ணனுக்குப் போன் செய்து, “சொல்லியிருக்கேன் அண்ணே, மறந்துட்டாங்க போல” என்றேன்.

பிறகு எழுந்து கை கழுவிவிட்டு வந்து, மூன்று மணிக் கூட்டத்தில் உட்கார்ந்தேன். குறிப்பெடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து, வீடியோவில் அத்தையைப் பார்த்தேன். மகன் மொபைலைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் சின்னதாகிவிட்டிருந்தது. எடுத்ததும் அவர் பேசியது இதுதான்.

“நீ போன் பண்ணி கரி கூடாதுன்னு சொன்னியாமேடி. ஹீட்டரும் வேணான்னுட்டேனாம். எனக்குச் சுத்தமா நெனவில்ல. உன்னய வேற எல்லாரும் கேள்வி கேக்குற மாதிரி ஆயிடுச்சு. மன்னிச்சுக்க.”

“பரவால்லத்தை” என்றேன்.

பரவாயில்லை என்று சொன்னேன். அத்தான் மொபைலைத் தன் பக்கம் திருப்பி, பிறகு பேசுகிறேன் என்றார்.

மறுநாள் பேசினார். அவரை நான் அத்தான் என்று கூப்பிட்டாலும் எங்களுக்குள் அதிகப் பழக்கம் கிடையாது. பொறுமையான மனிதர். புகைக்குப் பிறகு ஞாபகம் தடுமாறினால் அது சரியாகிவிடும் என்றுதான் மருத்துவரும் சொன்னார், ஆனால் உன் போனை அம்மா மறந்தது புகைக்கு முன்னால், அப்படியென்றால் மறதி ஏற்கெனவே இருந்திருக்கிறது, தனியாக விடமுடியாது என்றார். நகராட்சியின் முதியோர் இல்லத்தில் இடம் கேட்டிருப்பதாகச் சொன்னார். வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுக்கக் கடிதம் எழுதியாயிற்று.

“அம்மா ஒத்துக்கிட்டாங்களா?”

“மொதல்ல அழுதாங்க. அப்பறம் உன் போனப் பத்திச் சொன்னதும், ‘அப்ப நான் இங்க இருக்கக் கூடாதுதான்’னுட்டாங்க.”

அப்போதே சொல்லியிருக்கலாம். கடிதத்தைத் திரும்பப் பெற்றிருக்கலாம். நான் அத்தானிடம், இல்லத்தில் கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயங்கள் என்று ஆறு கேள்விகள் எழுதி அனுப்பினேன். நன்றி என்று பதில் வந்தது.

மாசி மாதம் நானா விடுமுறையில் ஊருக்கு வந்தார். சங்கத்தின் சார்பில் எனக்கு ஒரு சுவெட்டரும் சாக்லேட் பெட்டியும் கொண்டுவந்திருந்தார். திட்டம் போட்டுக் கொடுத்ததற்கு மரியாதை. அம்மா டீ போட்டுக் கொடுத்தார்.

“இந்த ஊர் வெயில்ல சுவெட்டர என்ன செய்யுறது நானா?” என்றார் அம்மா.

“பீரோல வச்சு அழகு பாக்க வேண்டியதுதான். அங்க எங்க வீட்டுல சேலையெல்லாம் அப்படித்தான் கெடக்கு” என்றார். டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஒண்ணு கேக்கணும்மா. தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு நான் கீழ நின்னு போன் பண்ணப்ப, டைமர் லைட்டுன்னு நீங்க சொன்னதா எனக்கு நெனப்பு. லிஸ்ட்ல பூட்டியிருக்குன்னு படிச்சதாவும் நெனப்பு. இப்ப எல்லாரும், அவங்களுக்குப் போன்ல சொல்லியாச்சு, லிஸ்ட்லயே இருக்குங்குறாங்க. போயிப் பாத்தேன், அப்படித்தான் இருக்கு. எனக்கு சுகர் வேற. வீட்டுல சொல்லுறா, நீங்களும் மறக்க ஆரம்பிச்சிட்டீங்க, வேன் ஓட்ட வேணாம்னு. நெசமாவே எனக்குத்தான் பெசகிருச்சா?”

குற்றம் சொல்லும் குரல் அதில் இல்லை. அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“உங்களுக்குப் பெசகல நானா” என்றேன். “பூட்டியிருக்குன்னுதான் எழுதியிருந்தேன். டைமர் லைட்டுன்னும் நான்தான் சொன்னேன். அப்பறம் லிஸ்ட்ட நான் மாத்திட்டேன். அத்தைக்கு நான் போனே பண்ணல.”

அம்மா சமையலறை வாசலில் நின்றபடியே, “என்னடி சொல்றே?” என்றார்.

நானா டம்ளரை வைத்தார். பிறகு, “அந்த மூணு மாடி ஏறியிருக்கலாம் நான்” என்றார். சுவெட்டர் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் தன்மீதே பழியை எடுத்துக்கொண்டு போனது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்று சாயங்காலமே அத்தானிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “போன வாரம்தான் அம்மாவ இல்லத்துல கொண்டு விட்டேன்” என்றார். இல்லத்தின் எண்ணை அனுப்பினார்.

அத்தையிடம் சொல்லும்போது எண் போட்டு எதுவும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. திறந்திருந்த ஜன்னல், செருப்பு, நான் எடுக்காத இரண்டு போன், அழித்து எழுதியது, எல்லாம் முன்னுக்குப் பின்னாகத்தான் வந்தது. எதற்குப் போன் செய்தீர்கள் என்று கேட்டேன். கோயிலில் யாரோ உன் தாளைப் பற்றிச் சொன்னார்கள், எனக்கும் ஒன்று அனுப்பு என்று கேட்கத்தான் என்றார்.

பிறகு கேட்டார்: “அப்ப எனக்கு மறதி இல்லியா?”

“இல்லத்தை.”

சிரித்தார். பக்கத்தில் இருந்த யாரிடமோ பிரெஞ்சில் ஏதோ வேகமாகச் சொன்னார். நல்ல செய்தி சொல்கிற குரல். பிறகு குரல் மாறியது.

“இவ்வளவு நாளா காலையில எந்திரிச்சதும் என் பேரு, உங்க மாமா பேரு, நான் பொறந்த தேதி, வீட்டு நம்பரு, எல்லாத்தயும் எனக்கு நானே ஒப்பிச்சுக்கிட்டு இருக்கேன்டி. ஒண்ணு விட்டுப்போச்சுன்னா அன்னிக்குப் பூரா பயம். பொம்பளப் புள்ள படிக்கட்டும்னு சொன்னேன் பாரு.”

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

“வச்சிடுறேன்” என்றார்.

சங்கத்துக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். அண்ணன், இதைக் குழுவில் போட்டிருக்க வேண்டாம், தன்னிடம் மட்டும் சொல்லியிருக்கலாம் என்றார். வேறு யாரும் பதில் எழுதவில்லை. அடுத்த குளிர்காலத்துக்கான பட்டியலை நானாவும் அங்குள்ள இரண்டு பெண்களும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கேட்டுப் போட்டிருக்கிறார்கள். அதில் எனக்கு வேலையில்லை. அம்மா என்னோடு சாதாரணமாகப் பேசுகிறார், அத்தையின் பெயரை மட்டும் எடுப்பதில்லை.

இப்போதைய நிலை இது. மருத்துவர் அத்தையை மறுபடி சோதித்து, ஞாபகத்தில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்றாவது மாடி வீட்டை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். வேறு வீடு கேட்டு அத்தான் மனு கொடுத்திருக்கிறார், வரிசை நீளம் என்கிறார்கள், இன்னும் பதில் வரவில்லை. அத்தை இல்லத்தில்தான் இருக்கிறார்.